கொல்லை வாசல் இல்லாத பாதாளம்

சுரங்கப் பாதை இல்லாத சரித்திரத் தொடர்கதை ஒன்றையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. அந்தப்புரத்தில் ஒரு சிலையின் கையைத் திருகினால் சுவர் விலகும். உள்ளே படிகள் இறங்கும். கதாநாயகன் தீவட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்குவதற்குள் 'அடுத்த இதழில்' என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரம் முழுவதும் நாமும் அந்த நாலாவது படியிலேயே நின்றுகொண்டிருப்போம். அரிசி களையும்போதும் அந்தப் படிதான்; பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அந்தப் படிதான்.

அப்படி நிற்கிற உங்களிடம் கதாசிரியரே வந்து, "அம்மணி, இப்போது என்ன செய்வதாக உத்தேசம்? இறங்குகிறீர்களா, திரும்புகிறீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படிக் கேட்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1974ல் பிறந்தது. பெயர் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பாதாளங்களும் பறக்கும் நாகங்களும் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். சென்ற டிசம்பரில் அந்த விளையாட்டுக்காக ஒரு பாதாளத்தை நானே கட்டும்படி நேர்ந்தது. கட்டினேன், அதில் ஒரு குழந்தையின் மனத்தை நோக அடித்தேன், பிறகு இடித்துவிட்டு மறுபடியும் கட்டினேன்.

மில்வாக்கி நகரத்தில் இருக்கிற என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஒரு திங்கட்கிழமை காலையில் வலி என்று போனவளை அங்கேயே படுக்க வைத்து, மறுநாளே கத்தி வைத்துவிட்டார்கள். காரியாலயத்தில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீடு திரும்பியிருந்தாள். மூன்று வாரம் படி ஏறி இறங்கக் கூடாது, கனமான சாமான் எதையும் தூக்கக் கூடாது என்று உத்தரவு. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை.

பிள்ளைகள் இருவர். பெரியவன் ரகுவுக்கு வயது பதினைந்து. சின்னவள் யமுனாவுக்குப் பன்னிரண்டு. டெலிபோனில் பேசினால் என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டாள். அப்படிப்பட்டவள், அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு 'ம்' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாப்பிடுகிறாயா? ம். தூக்கம் வருகிறதா? ம். அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தையிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாதே. பயந்துவிடுவாள்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

ரகுதான் அந்த வீட்டில் விளையாட்டுத் தலைவன். பனியினால் அவன் சிநேகிதர்கள் யாரும் வர முடியவில்லை. "சித்தி, நீ தலைமை தாங்கு. நானும் யமுனாவும் ஆடுகிறோம். பத்திரிகையில் எழுதுகிறவள்தானே, உனக்குக் கதை கட்டத் தெரியாதா?" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், மந்திரவாதி, திருடன் என்று. தலைமை தாங்குகிறவர் கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு பாதாளத்தின் வரைபடத்தை எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வார். "உங்கள் முன்னால் ஓர் இரும்புக் கதவு" என்று அவர் சொல்ல வேண்டியது. "காதை வைத்துக் கேட்கிறேன்" என்று இவர்கள் சொல்ல வேண்டியது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. நெல்லிக்காய் அளவில் இருபது முகமுள்ள பகடை! சோழி குலுக்கித் தாயம் போட்ட கைக்கு அது ஒரு புது அனுபவம்.

அன்றிரவே உட்கார்ந்து பத்து அறைகள் வரைந்தேன். ஒன்றை அடுத்து ஒன்று, ரயில் பெட்டிகள் மாதிரி. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கம் வர்ணனை. பாசி படிந்த சுவர்களைப் பற்றி நான் எழுதியிருந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது அறையில் ஒரு கம்பளம், கம்பளத்தின் கீழே குழி, குழியில் ஈட்டிகள். கதையில் ஒரு திடுக்கிடும் திருப்பம் வேண்டாமா?

மறுநாள் நிலவறையில் ஆட்டம். அந்த ஊர் வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. துணி துவைக்கும் இயந்திரமும் பழைய பெட்டிகளும் அங்கேதான் இருக்கும். பாதாளத்துக்குப் பொருத்தமான ஸ்தலம். யமுனாவின் வேஷம் ஒரு சின்னத் திருடி, பெயர் மின்மினி. இரண்டு அறை வரை 'ம்' தான். மூன்றாவது அறைக் கதவைத் திறந்ததும், "நான் முதலில் உள்ளே போகிறேன்" என்றாள். ஒரு வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்கோ என் திருப்பம் வந்துவிட்ட குஷி. கம்பளம் நழுவுகிறது, பகடையைப் போடு என்றேன். மூன்று விழுந்தது. மின்மினி செத்துப் போனாள்.

யமுனா அழவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன், சித்தி?" என்று கேட்டாள்.

"ஒன்றும் பண்ணவில்லை. அங்கே குழி இருந்தது."

"கம்பளத்தை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா?"

அதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. பேசாமல் இருந்தேன்.

"அம்மாவுக்கும் இப்படித்தான். யாரும் முன்னாலேயே ஒன்றும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு, பகடையை அதன் பெட்டியில் ஒழுங்காக வைத்து மூடிவிட்டு, மேலே போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ரகுவின் அலமாரியிலிருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் படுத்தபடியே, "சித்தி, நீ கதையை எழுதி முடித்துவிட்டு எங்களை அதன் மேல் நடக்கச் சொன்னாய்" என்றான். பதினைந்து வருஷமாகப் பத்திரிகைகளுக்கு விமரிசனம் எழுதி வருகிற பெரியவர்கள்கூட என்னை இவ்வளவு சரியாகக் குட்டியதில்லை.

இந்த விளையாட்டின் பூர்வ கதையே ஒரு பாதாளத்தில்தான் ஆரம்பிக்கிறது. மினசோட்டா ராஜ்யத்தில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் இருந்தார். சனி, ஞாயிறு முழுவதும் பேய்ப் படமாகப் பார்த்து, சோளப்பொரியாகத் தின்று, ஒரு கோட்டைக்கு அடியில் பாதாளம் ஒன்றைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தாராம். நெப்போலியன் யுத்தம் ஆடலாம் என்று வந்த சிநேகிதர்கள், மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டையைப் பார்த்துத் திகைத்தார்கள். அவர் 1972ல் அதை எடுத்துக்கொண்டு விஸ்கான்ஸினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே கேரி கைகாக்ஸ் இருந்தார். இன்ஷூரன்ஸ் உத்தியோகம் போய், செருப்புப் பழுது பார்த்துக் குடும்பத்தை நடத்தி வந்த மனிதர். அவரும் ஒரு பாதாளம் வரைந்தார். அதில் முதன்முதலில் இறங்கியவர்கள் யார் தெரியுமா? அவருடைய மகன் எர்னியும் மகள் எலீஸும்தான்! செப்புக்காசு நிறைந்த பெட்டி ஒன்று அகப்பட்டதாம். தூக்க முடியாத கனமாம். குழந்தைகள் படுக்கப் போனதும் தகப்பனார் இரண்டாவது தளத்தை வரைய உட்கார்ந்துவிட்டார். 1974 ஜனவரியில் பத்து டாலர் விலையில் ஆயிரம் பெட்டிகள் தயாராயின.

லேக் ஜெனீவா மில்வாக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை அங்கே அழைத்துப் போனார். ஏரி உறைந்து கிடந்தது. ஒரு கோபுரமாவது இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு, அமைதியான மரவீடுகள்தான் கண்ணில் பட்டன. காரில் யமுனா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கைகாக்ஸ் சாது அல்ல. 'பயங்கரங்களின் கல்லறை' என்று ஒன்றைக் கட்டி, 1975ல் பால்டிமோர் நகரத்தில் ஒரு போட்டிக்குக் கொண்டுபோனார். கெட்டிக்காரர்கள் என்று மார் தட்டியவர்களைச் சோதிப்பதற்காக ஏற்பட்டது அது. சுவரில் ஒரு பச்சை முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வாய்க்குள் கும்மிருட்டு. அதற்குள் புகுந்தவன் இல்லாமலே போய்விடுவான். இதைப் படித்ததும், "பார், பெரியவரே இப்படித்தான் செய்திருக்கிறார்" என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த பக்கத்தில் அந்த ஆறுதலும் போயிற்று. முதல் நடைபாதையின் தரையிலேயே ஒரு விடுகதையை எழுதி வைத்திருக்கிறார். குனிந்து பார்க்கிறவர்களுக்கு அதில் எச்சரிக்கை உண்டு. அந்தப் பொல்லாத மனிதர்கூடச் சொல்லிவிட்டுத்தான் கொல்லுகிறார்! நான் சொல்லவே இல்லை.

ஜெனெல் ஜாக்கேஸ் என்ற பெண்மணியின் பாதாளம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. 1979ல் வெளியான 'திரேஸியாவின் குகைகள்'. 2024ல் காலமாகிவிட்டார்; பிற்காலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் அரங்குகள் அமைத்தவர். அவருடைய குகைகளுக்குள் நுழைய ஒரு வழி மட்டும் என்பது கிடையாது. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் படி ஒன்று, பள்ளம் ஒன்று, ரகசிய வழி ஒன்று என்று பல பாதைகள். இடது கைப் பக்கம் போனவர்கள் சுற்றிக்கொண்டு வலது கைப் பக்கமாக வந்து சேரலாம். துரத்துகிறவனை முன்னால் போகவிட்டுப் பின்னால் வரலாம். வழி இரண்டாக இருந்தால்தானே 'எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு! என் ரயில் பெட்டியில் அந்தக் கேள்வியே எழவில்லை.

கைகாக்ஸின் 'எல்லைக் கோட்டை'யில் இன்னொரு வேடிக்கை. பக்கத்துப் பக்கத்துக் குகைகளில் பல ஜாதிக் குட்டிப் பூதங்கள் குடியிருக்கின்றன. ஆபத்து வந்தால் ஒரு கூட்டம் "ப்ரீ-யார்க்!" என்று கத்திக்கொண்டு ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு மூட்டையை அடுத்த வீட்டு ராட்சசனிடம் எறியும். அவன் கதையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவான். கூலிக்கு அடியாள்! 'ப்ரீ-யார்க் என்றால் சரணாகதி' என்று ஊரில் ஒரு பொய் வதந்தி உலவுவதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அதை நம்பிக் கத்தியைக் கீழே போட்டவர்கள் எத்தனை பேரோ!

டிரேஸி ஹிக்மன் என்பவர் ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஓர் அறையில் இரத்தம் குடிக்கும் பேய் ஒன்று எதிர்ப்பட்டது. 'இதற்கு இங்கே என்ன வேலை?' என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதே கேள்வியோடு வீட்டுக்கு வந்து மனைவி லாராவிடம் சொன்னார். தம்பதிகள் இருவருமாகச் சேர்ந்து அந்தப் பேய்க்கு ஒரு வம்சமும், ஒரு பழைய காதலும், ஒரு கோட்டையும் கொடுத்தார்கள். அதுதான் 1983ல் வந்த 'ரேவன்லாப்ட்'. முக்கியமான பொருள்கள் கோட்டையில் எங்கெங்கே இருக்கின்றன என்பதை ஒரு குறிகாரியின் சீட்டுக்கட்டு தீர்மானிக்கும். ஆகவே ஒரு தடவை ஆடினது போல் இன்னொரு தடவை இராது. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கக் காசில்லாத சமயத்தில்தான் தாங்கள் எழுதியதை விற்க முன்வந்ததாக ஹிக்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டின் சரித்திரத்தில் செருப்பு அடிக்கடி குறுக்கிடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

விடியற்காலை நாலு மணிக்குப் புதுக் காகிதம் எடுத்தேன். வழிகள் பல உள்ள வீடு எனக்கு எந்த வீடு தெரியும்? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீடு தெரியும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், குதிர் அறை, கிணற்றடி, கொல்லை. கொல்லையிலிருந்து சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி திண்ணைக்கு வந்துவிடலாம். குதிர் அறைக்கு மேலே மச்சு. மச்சில் ஒரு பலகையைத் தூக்கினால் நெல்லின் மேலேயே குதிக்கலாம். பாட்டி வாசலில் கம்போடு நின்றால் நானும் அக்காவும் எத்தனை வழியில் தப்பித்திருக்கிறோம்! அந்த வீட்டை அப்படியே தூக்கித் தரைக்குக் கீழே புதைத்து, ஓடுகளுக்குப் பதில் பாறையை வைத்தேன்.

யாராவது குடியிருக்க வேண்டுமே! குதிரில் குட்டிப் பூதங்களை வைத்தேன். அவை கிணற்று நாகத்துக்குப் பயந்து பயந்து நெல் திருடுகின்றன. நாகத்துக்குச் சத்தம் ஆகாது. கூடத்தை ஒன்றும் இல்லாமல் விட்டேன். ஓர் ஊஞ்சல் மாத்திரம். 1981ல் வந்த விதிப் புத்தகத்தில், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பகடை போட்டுப் பார்த்தால் ஆறில் இரண்டு பங்கு 'காலி' என்றுதான் விழும். அறைக்கு அறை ஆபத்து இருந்தால் யாருக்கும் ஆபத்து உறைக்காது என்பார்கள். அதே விதிப்படி ஒரு தீவட்டி ஒரு மணி நேரம்தான் எரியும். பிள்ளைகள் கையில் மூன்று தீவட்டி கொடுத்தேன். போவதற்கும் திரும்பி வருவதற்கும் அவ்வளவுதான்.

குழியையும் எடுக்கவில்லை. அதே கம்பளம், அதே ஈட்டிகள், ரேழியில். ஆனால் தரையெல்லாம் தூசி. தூசியில் சின்னச் சின்னக் காலடிகள்.

யமுனாவைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ரகுதான் இழுத்து வந்தான். மின்மினியின் தங்கை என்று ஒரு வேஷம் எழுதிக்கொண்டாள். கடைச் சாமான் ஜாபிதாவில் பத்தடிக் கழி ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ரேழிக்கு வந்ததும் காலடிகளைப் பற்றிச் சொன்னேன். "எந்தப் பக்கம் போகின்றன?" என்றாள். சுவரோரமாக, என்றேன்.

"நடுவில் ஒன்றுகூட இல்லையா?"

"இல்லை."

"அப்படியானால் நடுவில் கழியால் தட்டுகிறேன்."

டொக்கு டொக்கு என்று மேஜையைத் தட்டினேன். அடியில் ஒன்றும் இல்லாத சத்தம். யமுனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். போதாக்குறைக்கு, அரை மணி கழித்துப் பூதங்களின் தலைவன் துரத்தி வந்தபோது, கொல்லை வழியாகச் சுற்றி ஓடி வந்து, தான் சுவரோரமாகப் பாய்ந்து, அவனை நடுவில் ஓடி வரச் செய்தாள். அவன் தன் வீட்டுக் குழியிலேயே விழுந்தான். நான் அப்படி எழுதவே இல்லை!

காலி அறையில்தான் ரொம்ப நேரம் தங்கினார்கள். ரகு சுவர் சுவராகத் தட்டிக்கொண்டிருந்தான். "நான் ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றாள் யமுனா. சங்கிலி லேசாகக் கிரீச்சிடுகிறது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதே குரலில், "சித்தி, அம்மாவுக்கு மறுபடியும் வருமா?" என்று கேட்டாள்.

அத்தான் சொன்னது நினைவு இருந்தது. இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வராது என்று டாக்டர் நினைக்கிறார், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு, அடுத்தது மார்ச்சில், என்றேன். "மார்ச்சில் எந்தத் தேதி?" என்றாள். சொன்னேன். வரைபடத்தின் மூலையில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டு, "சரி, தீவட்டி எவ்வளவு பாக்கி?" என்றாள்.

இராத்திரி அத்தானிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்று வாரக் கெடு முடிந்த மறுநாள், நிலவறைப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். அத்தான் இரண்டு படி முன்னால், கைகளை நீட்டிக்கொண்டு. "என்னதான் பண்ணுகிறீர்கள் தினமும்? எனக்கு ஒரு வேஷம் கிடையாதா?" என்று கேட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து, யமுனா எழுதி வைத்திருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் புருவத்தை நெரித்தாள்.

"இதென்ன, இங்கே மச்சுக்கு ஏணி இருக்க வேண்டுமே?" என்று குதிர் அறையைத் தொட்டாள்.

நான்கு நாளாகப் பிள்ளைகள் கண்டுபிடிக்காத ரகசிய வழி அது. "அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரேன்!" என்று நான் கத்தினேன். ரகு குதித்து எழுந்துவிட்டான்.

யமுனா மாத்திரம் அசையவில்லை. ஒரு புதுத்தாளில் அம்மாவுக்கு வேஷம் எழுதிக்கொண்டிருந்தாள்: தீவட்டிக்காரி, பாதாளத்துக்குப் புதிது. எழுதி முடித்து, தன் பத்தடிக் கழியை அம்மாவின் ஜாபிதாவுக்கு மாற்றிவிட்டு, "நீ என் பின்னால் வா, அம்மா. எங்கே காலை வைத்தாலும் முதலில் தட்டிப் பார்த்துவிட்டு வை" என்றாள்.